வாக்கியமா, திருக்கணிதமா? விசுவாவசு வருடப் பஞ்சாங்கங்கள் இரண்டைப் பற்றி ஒரு சர்வேயர்

விசுவாவசு வருடத்துக்கு (2025 ஏப்ரல் முதல் 2026 ஏப்ரல் வரை) இரண்டு பஞ்சாங்கம் வாங்கினேன். ஒன்று வாக்கியப் பஞ்சாங்கம், பழைய மனப்பாட வாக்கியங்களை வைத்துக் கணிப்பது, தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பூஜை அறை ஆணியில் தொங்குவது. இன்னொன்று ஒரு மடத்தின் ஆதரவில் வரும் திருக்கணிதப் பஞ்சாங்கம், வானத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கில் போடுவது. சித்திரையிலிருந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன். இப்போது தை பிறந்துவிட்டது. பங்குனியில் பராபவ வருடத்துப் பஞ்சாங்கம் கடைகளில் குவிந்துவிடும், எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் வழக்கம்போலக் கேட்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் மயிலாடுதுறை. காலையில் குளித்து விபூதி பூசாமல் காபி குடிக்கிற பழக்கம் இல்லை. மாயூரநாதர் கோயில் பிரதோஷத்தை முடிந்தவரை விடமாட்டேன். எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு நல்ல காரியமும் நடந்ததில்லை. ஆகவே பஞ்சாங்கமே வேண்டாம் என்கிறவரின் விமர்சனம் அல்ல இது. அதே சமயம் ஆயுசு முழுக்கக் கோணம் அளந்து சோறு சாப்பிட்டவன் நான். வரைபடத்தில் ஒன்றும் தரையில் வேறொன்றும் இருந்தால் தரைதான் சரி, வரைபடத்தைத்தான் திருத்த வேண்டும் என்று பழகிய கை இது.

முதலில் புத்தகமாக எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். வாக்கியப் பஞ்சாங்கத்தின் தாள் மெல்லியது, அந்தப் பக்கத்து மை இந்தப் பக்கம் தெரிகிறது. திதி, நட்சத்திரம் எல்லாம் ஓரெழுத்து ஈரெழுத்துச் சுருக்கமாக, நாழிகை விநாடியில் (ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு விநாடி). பூதக்கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடியவில்லை. ஓரிரு இடத்தில் எண்களே மாறி அச்சாகியிருக்கின்றன. மேலும் கீழும் பார்த்துத்தான் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் சரக்கு அதிகம்: முகூர்த்த நாட்கள், மனையடி சாஸ்திரம், பல்லி விழும் பலன், கந்தாய பலன், மழைக் குறிப்பு, எந்தக் கோயிலில் என்றைக்குத் தேர் என்பது வரை. திருக்கணிதத்தில் தாள் நல்ல கனம். திதி முடியும் நேரத்தை மணி நிமிடத்திலேயே போட்டிருக்கிறார்கள். பேத்திகூடப் படித்துச் சொல்லிவிடுகிறாள். வீட்டு உபயோகத்துக்கு இது பெரிய வசதி.

அப்புறம் உள்ளே இருக்கிற கணக்கு. அங்கேதான் இரண்டும் பிரிகின்றன.

திதி என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம் இல்லை. சூரியனை விட்டுச் சந்திரன் 12 டிகிரி விலகினால் ஒரு திதி. 0 டிகிரி அமாவாசை, 180 பௌர்ணமி. கோணமானி இருந்தால் யாரும் அளக்கலாம். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் திதியின் நீளம் கூடிக் குறையும். வாக்கிய முறையில் அது 54 நாழிகைக்குக் குறையாது, 65ஐத் தாண்டாது. நிஜத்தில் 50 வரை குறைகிறது, 67 வரை போகிறது. நம்பாதவர்கள் இரண்டு பஞ்சாங்கத்திலும் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, ஒரு திதி முடிகிற நேரத்திலிருந்து முந்திய திதி முடிந்த நேரத்தைக் கழித்துப் பார்க்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பஞ்சாங்கமும் அமாவாசை, பௌர்ணமியில் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அஷ்டமி வாக்கில்தான் அதிகம் பிரிகின்றன, சில சமயம் நாலைந்து மணி நேரம்கூட. காரணம் இதுதான். சந்திரனின் ஓட்டத்தில் பெரிய ஏற்ற இறக்கம் ஒன்று, அதன்மேல் சூரியனின் இழுப்பால் வருகிற இன்னொன்று. அமாவாசை பௌர்ணமி நாட்களில் இரண்டும் சேர்ந்து ஒரே திருத்தம் போலத் தெரியும், சுமார் 5 டிகிரி. பழைய கணக்கர்கள் கிரகணங்களை வைத்துத் தங்கள் கணக்கைச் சரிபார்த்தார்கள். கிரகணம் வருவதோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும். அந்த நாட்களுக்கு அவர்கள் கணக்கு அருமையாகப் பொருந்தியது. பாதி நிலா நாளில் திருத்தம் ஏழரை டிகிரி வரை வேண்டும் என்பது கிரகணத்தைப் பார்த்துத் தெரிய வாய்ப்பே இல்லை. அவர்கள் எதைப் பார்த்தார்களோ அதில் சரியாக இருந்தார்கள்.

எனக்கு இது வெறும் கணக்கு விஷயமாக இருக்கவில்லை. அப்பா தவறியது புரட்டாசி தேய்பிறை அஷ்டமியில். காவிரித் துலாக்கட்டத்தில் திதி கொடுக்கிறோம். பிற்பகலில் எந்தத் திதி நிற்கிறதோ அதுதான் கணக்கு என்பதால், சில வருடங்களில் இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு நாளைக் காட்டும். சென்னையில் இருக்கிற தம்பி ஒரு நாள், நான் மறுநாள் என்று கொடுத்த வருடமும் உண்டு. தம்பி போனில் கேட்டான்: “அண்ணே, அப்பா எந்த நாள்ல வந்து வாங்கிப்பார்?” என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள், மே 4. அன்று வளர்பிறை அஷ்டமி. துறையில் கூட வேலை பார்த்த நண்பரிடம் கோணம் அளக்கிற பழைய வெர்னியர் தியோடலைட் ஒன்று இருக்கிறது. எந்தப் பஞ்சாங்கம் சரி என்று பார்க்க அதை மொட்டைமாடிக்கு ஏற்றி மட்டம் பிடித்தோம். அஷ்டமியின் சரி நடுவில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 90 டிகிரி. மாலை ஐந்து மணிக்கு மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது, தலைக்குச் சற்றுக் கிழக்கே பாதி நிலா வெளிறித் தெரிகிறது. சூரியனைக் கண்ணாடி வழியே நேராகப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். கண்வைக்கும் இடத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, அதில் விழுந்த வட்டத்தைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தினோம். கிடைக்கோணம், ஏற்றக்கோணம் இரண்டையும் குறித்துக்கொண்டோம். அப்படியே கருவியைத் திருப்பி நிலவுக்கு. சந்திரன் கிட்டத்தில் இருப்பதால், நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்து வருகிற அரை டிகிரிக்கு உட்பட்ட பிசகையும் கழித்தோம். கணக்குப் போட்டதில் 89 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் 90 ஆக இன்னும் இரண்டரை மணி நேரம் போல வேண்டும், அதாவது இரவு ஏழரை வாக்கில். திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் அஷ்டமியின் தொடக்கம், முடிவு இரண்டுக்கும் நடுவைக் கண்டுபிடித்தால் அதே நேரம்தான் வருகிறது. வாக்கியப்படி சந்திரன் அந்த இடத்துக்கு வர இன்னும் நாலு மணி நேரம் போல ஆகியிருக்க வேண்டும்.

நண்பர் திராவிடர் கழகத்துக் குடும்பம், சாமி கும்பிடாதவர். நான் கும்பிடுகிறவன். இரண்டு பேர் கணக்கிலும் ஒரே விடைதான் வந்தது. அந்த விடை என் நம்பிக்கையிலிருந்து எதையும் பறிக்கவில்லை. சந்திரன் எங்கே இருக்கும்போது அப்பா போனாரோ, அதே இடத்துக்குச் சந்திரன் திரும்பி வருகிற நாளில் அவரை நினைத்து எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். அப்படியானால் சந்திரன் அங்கே இருக்கத்தானே வேண்டும்? கரெக்டான கணக்கு வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர் பக்திமான்தான்.

துலாக்கட்டத்தில் எங்களுக்குச் செய்துவைக்கிற சாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே நாள்ல கொடுங்க, அதை மொதல்ல முடிவு பண்ணுங்க” என்றார். அதில் பெரிய நியாயம் இருக்கிறது, பின்னால் அதற்கு வருகிறேன். இப்போது தம்பியும் நானும் திருக்கணிதப்படி ஒரே நாளில் கொடுக்கிறோம்.

வாக்கியத்தைக் குறைத்துச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. அது ஒரு சாதனை. சந்திரன் நமக்குக் கிட்டே வந்து தள்ளிப் போய் மறுபடி கிட்டே வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. ஒன்பது முறை அப்படி நடந்தால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். அந்த 248 நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். மனப்பாடம் செய்துவிட்டால் போதும், கையில் ஏடு இல்லாமலே சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். வரருசி பெயரால் வழங்குகிற அந்த வாக்கியங்களைக் கேரளத்துக் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவர் பிறகு இன்னும் நுட்பமாக்கினார். 1825ல் புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடத்திலிருந்தே அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். அதற்கும் முன்னால், வெள்ளியின் சூரியக் கடப்பை, அதாவது சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதைப் பார்க்க பிரான்சிலிருந்து புதுச்சேரி வந்து, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் பார்க்க முடியாமல் போன வானியலாளர் லெ ஜாந்தியும் தமிழ்க் கணக்கர்களின் வேகத்தைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். 1765ல் நடந்த ஒரு சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில், அன்றைய ஐரோப்பிய அட்டவணையைவிடத் தமிழ்க் கணக்குதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கைச் செய்தவர்களே அதைத் தொடாதே என்று சொல்லவில்லை. கேரளத்தில் நிளை ஆற்றங்கரையில் இருந்த பரமேசுவரர் ஐம்பது வருடத்துக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து, பழைய எண்கள் வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று 1431ல் திருத்திய முறையை எழுதினார். அவர் வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி, கணக்கும் கண்ணும் முரண்பட்டால் கணக்கைச் சோதித்துத் திருத்துவது கடமை என்று வாதாடியவர். பெயரிலேயே தெரிகிறது, சோமயாகம் செய்தவர். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி கூடிக் குறைகிற விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கியில் பார்த்ததை வீட்டுப் பஞ்சாங்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கமே வெளியிட்டார். 1874 வெள்ளிக் கடப்புக்கு முன்பு, ஊர்ப் பண்டிதர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று இந்திய மொழிகளில் விளக்கப் புத்தகம் போட்டார். பக்தியா விஞ்ஞானமா என்று இவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இனி சனிப்பெயர்ச்சி. விசுவாவசு வருடத்தில் அதிகம் பேர் என்னிடம் கேட்டது இதைத்தான். திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். குருப்பெயர்ச்சியில் மூன்று நாள்தான், வாக்கியத்தில் மே 11, திருக்கணிதத்தில் மே 14. சனியில் மட்டும் இவ்வளவு. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் மார்ச் 29 அன்று அங்கே பெயர்ச்சி விழா நடக்கவில்லை, கோயில் நிர்வாகமே முன்கூட்டி அறிவித்துவிட்டது.

என் தங்கை மகர ராசி. “அண்ணே, எனக்கு ஏழரை முடிஞ்சிருச்சா இல்லையா? டிவியில முடிஞ்சிருச்சுங்கறாங்க, நம்ம வீட்டுப் பஞ்சாங்கத்துல இன்னும் ஒரு வருஷம்னு போட்டிருக்கு” என்று கேட்டாள். அவள் பயந்துபோய்க் கேட்டாள், நான் மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது.

செப்டம்பர் 7 ராத்திரி முழுச் சந்திர கிரகணம். 9 மணி 57 நிமிடத்துக்கு நிழல் பட ஆரம்பிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். பல வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களும் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்துதான் எடுத்துப் போடுகிறார்கள், ஏனென்றால் அதை ஊரே வாசலில் நின்று பார்க்கும். தங்கை குடும்பத்தையும் மாடிக்குக் கூப்பிட்டேன். மேகம் விலகின நேரத்தில் செம்பு நிறத்தில் சந்திரன், அதற்குக் கிழக்கே மஞ்சளாக, மினுக்காமல் ஒரு புள்ளி. அதுதான் சனி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. தங்கையையே அளக்கச் சொன்னேன். ஒரு முஷ்டி, அதற்கு மேல் இரண்டு விரல் போல. ஏறக்குறைய 14 டிகிரி.

கிரகணத்தின்போது சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும், அதில் எந்தப் பஞ்சாங்கத்துக்கும் சந்தேகம் வராது. அன்று அது கும்பத்தில் 21ஆவது டிகிரி வாக்கில் இருந்தது. கும்பம் 30 டிகிரியில் முடிந்துவிடும். சனி இன்னும் கும்பத்தில் இருக்கிறது என்றால் சந்திரனிலிருந்து அதிகபட்சம் 9 டிகிரிக்குள் தெரிய வேண்டும். தெரிந்தது 14ல். ராசியின் எல்லைக்கோடு வானத்தில் வரையப்பட்டிருக்கவில்லை, மனிதர்கள் வகுத்துக்கொண்டதுதான் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் இரண்டு பஞ்சாங்கமும் சூரியன் மேஷத்துக்குள் நுழைவதை ஏப்ரல் 14 என்றே சொல்கின்றன, ஆகவே கோட்டை இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போட்டிருக்கின்றன. வித்தியாசம் கோட்டில் இல்லை, சனியை வைத்திருக்கிற இடத்தில் இருக்கிறது. வாக்கியப் பெயர்ச்சி நாளான மார்ச் 6 அன்று உண்மையில் சனி மீனத்துக்குள் 8 டிகிரி போயிருக்கும். முழு நிலவை வரிசையாகப் பதினைந்து முறைக்கு மேல் அடுக்கி வைக்கிற தூரம் அது.

அப்போதும் தங்கை கேட்டது நியாயமான கேள்விதான்: “அப்ப திருநள்ளாறு போறதா வேண்டாமா?” போகச் சொன்னேன். அங்கே இருப்பவர் தர்ப்பாரண்யேசுவரர். கோயில் எந்த நாளில் விழா எடுக்கிறதோ அந்த நாளில் ஊர் கூடும், நளதீர்த்தத்தில் குளிக்கும், கும்பிடும். ஊர் கூடுவதற்கு ஒரு பொது நாள் வேண்டும். கோயில்கள் வாக்கியத்தை விடாமல் பிடித்திருப்பதற்கு இது நல்ல காரணம், துலாக்கட்டத்துச் சாமி சொன்னதும் இதைத்தான். பல தலைமுறையாக ஒரே வழியில் நாள் குறித்துவருகிற கோயிலிடம் திடீரென்று மாற்று என்றால் தேர், தீர்த்தவாரி, கட்டளைதாரர்களின் முறை எல்லாம் குழம்பும். யாழ்ப்பாணத்திலும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கமும் ஓடுகின்றன, சில பண்டிகைகள் இரண்டு நாளாகிவிடுவதும் உண்டு. ஆகவே ‘இது எங்கள் கோயில் வழக்கம்’ என்று ஒருவர் சொன்னால் நான் தலைவணங்குவேன். ‘சனி இன்றைக்குத்தான் மீனத்துக்குப் போகிறது, ரிஷிகள் சொன்னது, தொலைநோக்கி சொல்வதுதான் தப்பு’ என்றால் ஏற்க மாட்டேன். முதலில் சொன்னது ஊர் ஒப்பந்தம். இரண்டாவது வானத்தைப் பற்றிய தகவல், அதை வானத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதே அளவுகோலால் திருக்கணிதத்தையும் அளக்க வேண்டும். இரண்டு பஞ்சாங்கமும் தை 1ல் உத்தராயணம் பிறக்கிறது என்று போடுகின்றன. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22ல். மாடியில் ஒரு கம்பியை நட்டு உச்சி நிழலைக் குறித்துவந்தால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். பூமியின் அச்சு மெல்லச் சுற்றுவதால் மகர சங்கராந்தி சுமார் 70 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. விவேகானந்தர் பிறந்த 1863ல் சங்கராந்தி ஜனவரி 12. நாம் ஜனவரி 14, 15ல் பொங்கல் வைக்கிறோம். பொங்கலை மாற்றச் சொல்லவில்லை, அது அறுவடையோடும் ஊரோடும் ஒட்டிய நாள். உத்தராயணக் குறிப்பின் பக்கத்தில் உண்மைத் தேதியையும் ஒரு வரி போட்டால் போதும். அரசாங்கம் வெளியிடும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கத்தைப் பாருங்கள். 1952ல் மேகநாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்து, அதன் பரிந்துரையில் பிறந்தது அது. எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்கிற பேச்சைக் கடுமையாக எதிர்த்த விஞ்ஞானி அவர். ஆனாலும் நாடு முழுக்க இருந்த சுமார் முப்பது நாட்காட்டிகளைத் திரட்டி உட்கார்ந்து படித்தார். தமிழிலும் வருகிறது. அச்சு அழகில்லை, முகூர்த்தம் தேடுகிறவருக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் கணக்கு சுத்தம்.

பலன் பகுதிக்கு வருகிறேன். கந்தாய பலன், இந்த வருடம் எந்த மேகம், எத்தனை மரக்கால் மழை, எந்தத் திசையில் பயிர் நாசம் என்று வாக்கியப் பஞ்சாங்கத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. வெள்ளம் வந்த பிறகு ‘பஞ்சாங்கத்தில் அப்போதே போட்டிருந்தது’ என்று அந்தப் பக்கத்தைப் போனில் அனுப்புகிறார்கள். வெள்ளம் வராத வருடத்துப் பக்கத்தை யாரும் அனுப்புவதில்லை. நான் பழைய பஞ்சாங்கங்களைத் தூக்கிப் போடுவதில்லை, வருடக் கடைசியில் மழைக் குறிப்பை எங்கள் டெல்டாவில் பெய்த மழையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அதை நம்பி ஒரு மா நிலத்தில்கூட விதைக்க முடியாது.

ஜாதகப் பலனைப் பற்றி நம் நாட்டிலேயே ஒழுங்கான சோதனை நடந்திருக்கிறது. 2025 மே மாதம் காலமான வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் அவரோடு சேர்ந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் செய்து 2009ல் வெளியிட்டார்கள். நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 கொடுத்து எது எந்தப் பிள்ளையுடையது என்று கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். அதிகபட்சமாக ஒருவர் 24 சரியாகச் சொன்னார். எல்லோருக்குமான சராசரி 20க்கும் கீழே. காசைச் சுண்டிப் போட்டாலே 20 வந்திருக்கும். அந்தச் சோதனையில் துணை நின்ற, மூடநம்பிக்கைகளை எதிர்த்துவந்த நரேந்திர தபோல்கரை 2013ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கேள்வி கேட்பதைத் தெய்வ விரோதம் என்று நினைத்தவர்கள் செய்த காரியம் அது. சாமி கும்பிடுகிற எனக்கு அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

பலனை விட்டுவிட்டால் பக்தியில் என்ன மிஞ்சும் என்று என் மைத்துனர் கேட்கிறார். எல்லாம் மிஞ்சும். சைவர்களுக்கு இதில் பதில் பழையது. திருமறைக்காட்டில் சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் சரியில்லை, போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பிப் போனார். ஈசன் உள்ளத்தில் இருக்கும்போது எந்தக் கிரகமும் ஒன்றும் செய்யாது என்பதுதான் அதன் சாரம். என் தங்கைக்கு அன்று மாடியில் நான் கடைசியாகச் சொன்னதும் அதுதான். கிரகங்கள் எங்கே இருக்கின்றன என்பதை விஞ்ஞானத்திடம் கேள், அவற்றுக்குப் பயப்பட வேண்டுமா என்பதைத் தேவாரத்திடம் கேள். இரண்டு பேரும் உன்னைப் பயப்படச் சொல்லவில்லை.

ராகுகாலப் பக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பஞ்சாங்கத்திலும் திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்கிற நிலையான பட்டியல்தான். அது காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்று வைத்துப் போட்டது. பகலை எட்டாகப் பிரிப்பதுதான் முறை என்றால் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறத்தான் வேண்டும். சூரியனே ஏழு மணி வாக்கில் உதிக்கிற சிங்கப்பூரில் இருக்கிற உறவினர்கள் அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றுகிறார்கள். நான் ராகுகாலம் பார்ப்பதை விட்டுவிட்டேன், பார்க்கிறவர்கள் உதய நேரத்தை வைத்துப் பாருங்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: கோயில் திருவிழா, தேர், பெயர்ச்சி தரிசனம் இவற்றுக்குத்தான் பஞ்சாங்கம் வேண்டும் என்றால் வாக்கியம் வாங்குங்கள், நம் பக்கத்துப் பெரும்பாலான கோயில்களின் நாட்கள் அதன்படிதான். பெற்றோர் திதி, விரதம், ஏகாதசி போன்றவற்றுக்கும், பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவதற்கும் திருக்கணிதம். அண்ணன் தம்பி இரண்டு ஊரில் இருந்தால் வாங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் வேண்டும். பராபவ வருடத்துக்கும் இரண்டும் வாங்குவேன்.

பதிப்பாளர்களுக்கு ஒரு கோரிக்கை. முதல் பக்கத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழேயே, மூன்று விவரம் அச்சடியுங்கள்: கணக்கு எந்த முறை, எந்த அயனாம்சம் (ராசிகளின் தொடக்கக் கோட்டை எங்கே வைத்தது என்ற கணக்கு), எந்த ஊரின் உதயத்துக்குப் போட்டது. கிரகண நேரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் போடுங்கள். திதி பக்கத்துக்கு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், பல்லி விழும் பலனைக் குறைத்தாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.